பதிலுக்குக் காத்திருப்பவர்

"சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு அவர் நகர்வதில்லை. அங்கேதான் சிக்கல். நாமெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டிருப்போம். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். "என்ன சாப்பிட்டீங்க? சூடா இருந்துச்சா? உக்காந்து சாப்பிட்டீங்களா, நின்னுக்கிட்டா?" பதில் சொல்லாமல் தப்பித்தவர் யாருமில்லை. லிஃப்ட்காரர் ஒருநாள் பாதி வழியில் லிஃப்டை நிறுத்தி, முந்தின இரவு தான் தூக்கம் வராமல் புரண்ட கதையை இவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே காத்திருந்தவர்கள் படியேறிப் போனார்கள்.

அந்த அம்மா மருத்துவமனையில் உளவியல் நிபுணர். "டாக்டர்தான், ஆனா மாத்திரை எழுதற டாக்டர் இல்லை" என்பார். கேட்பவர் முகம் வாடும். அவர் ஆராய்வது தூக்கம், சாப்பாடு, மனநிலை. "மூணும் ஒரே வீட்டு ஓரகத்திங்க மாதிரி. ஒருத்தி மூஞ்சியைத் தூக்கி வெச்சா மத்த ரெண்டு பேரும் அடுப்படிப் பக்கமே வர மாட்டாங்க."

என் அண்ணன் அவரிடம் மாட்டியது போன வருஷம். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அண்ணி இறந்த பிறகு மூன்று வேளையும் பிஸ்கட். இரவெல்லாம் கூரையை வெறித்துக்கொண்டு கிடப்பார். பகலில் கடைக்கு வருகிறவர்களிடம், "இந்த மூஞ்சிக்கு எதை மாட்டினாலும் ஒண்ணுதான்" என்பார். கடை போனாலும் போகட்டும், ஆளும் போய்விடுவாரோ என்ற பயத்தில்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

ஆராய்ச்சியில் இரண்டு குழுக்கள். ஒரு குழுவுக்குக் கேள்வியும் உண்டு, யோசனையும் உண்டு. இன்னொன்றுக்கு வெறும் கேள்வி, ஒப்பிட்டுப் பார்க்க. சீட்டுக் குலுக்கியதில் அண்ணனுக்கு வெறும் கேள்வி விழுந்தது. வாராவாரம் அவர் "பிஸ்கட்" என்பார். நிபுணர் உதட்டைக் கடித்துக்கொண்டு குறித்துக்கொள்வார். யோசனை தொண்டை வரை வந்து திரும்பிப் போவது, பக்கத்தில் இருந்த எனக்கே தெரியும்.

ஒரு வாரம் அண்ணன் தலை குனிந்தபடி, "முட்டை பொரிச்சேன்" என்றார்.

"என்ன திடீர்னு?" என்றேன்.

"இவங்க கேப்பாங்களேடா! எத்தனை தடவைதான் பிஸ்கட்டுனு சொல்றது? வெக்கமா இருக்கு."

அப்புறம் காய் நறுக்கினார். அடுப்பைப் பற்றவைத்தார். உட்கார்ந்தே சாப்பிட்டார். கடையில் ஒருவரிடம் "உங்களுக்கு இது எடுப்பா இருக்குங்க" என்று சொன்னதாகவும் தகவல் வந்தது. நான் நம்பாமல் நேரில் போய்ப் பார்த்தேன். தூக்கம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் அப்படியே இருந்தது.

வெறும் கேள்விக் குழுவில் பலரும் இப்படித் தேறிவிட்டார்களாம். ஒப்பிட்டுக் காட்ட ஆளில்லாமல் ஆராய்ச்சி நொண்டியது. "என்னம்மா இது, எல்லாம் பாழாப் போச்சே!" என்று துறைத் தலைவர் கத்தியிருக்கிறார். "ஆளுங்க யாரும் பாழாப் போகலையே சார்" என்றாராம் இவர். அதை எங்களிடம் சொல்லும்போது சிரித்தார். எங்கள் வீட்டு முட்டையால் போன உழைப்பு அது. நான் பத்திரிகையில் கிண்டல் கட்டுரை எழுதுகிறவன்; யாரையாவது கடித்தால்தான் எனக்குப் பிழைப்பு. இவரிடம் பல் இறங்கவில்லை.

போன வாரம் கடைசிச் சந்திப்பு. "அப்பாடா, இனிமே நான் வாயைத் திறக்கலாம்!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நாள் அடக்கிவைத்திருந்ததெல்லாம் மடை திறந்தது. படுக்கையில் போன் கூடாது. பொழுது சாய்ந்தபின் காபி கூடாது. தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்கக் கூடாது, எழுந்துவிட வேண்டும். அண்ணன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"முக்கியமா, பகல்ல கண்ணை மூடவே கூடாது. பகல் தூக்கம் இருக்கே, அது ராத்திரித் தூக்கத்தை அப்படியே…"

அண்ணனின் தலை மார்பில் சாய்ந்தது. லேசாகக் குறட்டை கிளம்பியது. மானம் போகிறதே என்று அவர் தோளை உலுக்கக் கை நீட்டினேன். நிபுணர் கையைக் காட்டித் தடுத்தார். சத்தமில்லாமல் எழுந்துபோய், ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.