பச்சை வெளிச்சம், நான்கு வினாடி

எட்வேட் மன்னாரில் வானிலை எழுதுகிறவர். மழையை அளப்பது, முகிலைப் பார்ப்பது, புத்தகத்தில் பதிவது. இருபத்தாறு வருடமாக இதே வேலை. சண்டையில் ஊர் பாதி வள்ளமேறிப் போன நாட்களிலும் எழுதினார். "செத்த வீட்டிலயும் மழை அளப்பார்" என்று ஊரில் நாங்கள் கேலி செய்வோம். அவர் களைத்த நடையோடு மழைமானியிடம் போய்விடுவார்.

தொண்ணூற்றெட்டு மார்ச்சில் ஒருநாள், பொழுதுபட்ட நேரம், வானம் பச்சையாக எரிந்தது. ஆமி வானத்தில் சுடும் வெளிச்சக் குண்டு, அந்தப் பரா லைற், எழும்பினால் அடுத்தது ஷெல் வரும். எத்தனை வருடப் பழக்கம்! கரையில் நின்ற அத்தனை பேரும் மண்ணில் முகம் புதையக் குப்புற விழுந்தோம். கொஞ்சம் பொறுத்து இடி போல ஒரு சத்தம் கேட்டது. ஷெல் வரவில்லை. தலையைத் தூக்கினால், எட்வேட் மட்டும் நின்றபடி கைமணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, கரையிலிருந்து யாரோ இயக்கத்துக்குச் சைகையாக வெளிச்சம் சுட்டதாகச் சொல்லி, அங்கே வலை இழுத்த அவருடைய தம்பி டொமினிக்கை ஆமி முகாமுக்குக் கொண்டு போனார்கள். டொமினிக்கின் மனைவி றஞ்சிதம் ஓடிவந்தாள்.

"அத்தான், நீங்கள் எழுதினனீங்கள்தானே. போய்க் காட்டுங்கோ."

எட்வேட் புத்தகத்தை எடுத்தார். துணைக்கு நானும் போனேன். முகாம் அதிகாரிக்கு அவரே வாசித்துக் காட்டினார்:

"ஆறு நாற்பத்தொன்று. வடமேற்கில் எரிகல். பச்சை நிறம், நான்கு வினாடி. இரண்டாக உடைந்தது. இரண்டு நிமிடத்தின் பின் சத்தம்."

"வேற யார் பாத்தது?" அதிகாரி தெரிந்த தமிழில் கேட்டான்.

எட்வேட் என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"நாங்கள் எல்லாரும் படுத்திட்டம் சேர்" என்றேன்.

அதிகாரி எட்வேட்டிடம் திரும்பினான். "நீ ஏன் படுக்க இல்ல? பரா இல்ல எண்டு முந்தியே தெரியுமா?"

 நானே அவரை மாட்டிவிட்டேனே!

"தெரியாது சேர். நானும் பரா எண்டுதான் நினைச்சனான். விழுந்து எழும்பிக் களைச்சுப் போனன். வாறது வரட்டும் எண்டு நிண்டனான். நிண்டபடியால் பாத்தனான்."

அதிகாரி புத்தகத்தை வாங்கிப் பழைய பக்கங்களையும் புரட்டினான். பிறகு கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னான். மத்தியானம் டொமினிக்கை விட்டார்கள்.

திரும்பும் வழியில், எட்வேட் 'வாறது வரட்டும்' என்று நின்றதைத் தம்பியிடம் சொன்னேன். டொமினிக் நின்றுவிட்டான்.

"அண்ணை, மெய்யாவோ?"

"ஓம்."

நடுத்தெருவில் தமையனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அதற்குப் பிறகு கரையில் எப்போது வெளிச்சம் எழும்பினாலும், டொமினிக் வலையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து தமையனைக் கட்டிப்பிடித்து மண்ணில் விழுத்துவான். மேலே தானும் படுப்பான். எட்வேட் உதறி எழும்பமாட்டார். தம்பிக்காகப் படுத்துக்கிடப்பார்.