தூசி என்று சொல்லாதவள்

மாபுலெங்கின் விரல்கள் காலையில் விரியாது. முடக்குவாதம். தலைநகர் மாசெருவில் ஜீன்ஸ் தைக்கும் தொழிற்சாலைக்கு இளமை முழுவதையும் கொடுத்துவிட்டு அவள் வாங்கி வந்தது அதுதான். சுகாதார நிலையத்தில் பாரசிட்டமால் தருவார்கள், இருந்தால். ஆகவே எங்கள் லெசோத்தோ மலைப்பக்கத்தில் பாதிப்பேர் செய்வதையே அவளும் செய்தாள். சோளக் களி கிண்டி இறக்கிய அடுப்பில் கொஞ்சம் கஞ்சா இலையைக் கொதிக்கவைத்து, சாயங்காலம் ஒரு குவளை குடிப்பாள். மறுநாள் விரல்கள் விரியும்.

போதை ஏறுமா என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏறுமே! பாத்திரம் கழுவுற அளவுக்கு ஏறும்" என்றாள்.

பிறகு பள்ளத்தாக்கில் ஒரு நிறுவனம் வேலி போட்டு, கண்ணாடிக் கூடாரங்களில் அரசு உரிமத்தோடு கஞ்சா வளர்த்தது. பூவைச் சுற்றியுள்ள இலைகளைக் கத்தரிக்கும் வேலை மாபுலெங்குக்குக் கிடைத்தது. அந்தப் பூ எண்ணெயாகி ஐரோப்பாவுக்குப் போகிறது. எதற்கு? தீராத வலிக்கு. மூட்டுவலியும் அதில் சேர்த்தி.

திருட்டைத் தடுக்க வாசலில் ஒரு மோப்ப நாயை நிறுத்தினார்கள். கஞ்சா வாசனை வந்தால் அந்த ஆளுக்கு முன்னால் உட்காரப் பழகிய நாய். முதல் நாளே அது காவலாளி முன்னால் உட்கார்ந்தது, சமையல்காரி முன்னால் உட்கார்ந்தது, ஜெபம் செய்ய வந்த பாதிரியார் முன்னாலும் உட்கார்ந்தது.

"முதல்ல சாமியாரோட அங்கியை உதறிப் பாருங்கடி!" என்று பெண்கள் சிரித்தார்கள்.

நாயைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சிறுநீர்ச் சோதனை கொண்டுவந்தார்கள். கத்தரிக்கும் பெண்களில் பாதிப்பேர் மாட்டினார்கள். மேற்பார்வையாளர் லிகெலெலி உள்ளூர்ப் பெண். அவளே வழி சொன்னாள்: "வேலைத் தூசி மூக்குல போயிருச்சுன்னு சொல்லுங்க. மேலாளருக்கும் ஆள் வேணும், தலையாட்டிருவாரு."

ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஒவ்வொருத்தியாக வேலைக்குத் திரும்பினார்கள். அன்று அங்கே நடந்த ஏற்றுமதி விழாவுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்த நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

மாபுலெங்கின் முறை வந்தது. வெளிநாட்டு மேலாளர் ஆங்கிலத்தில் கேட்க, லிகெலெலி எங்கள் மொழியில் சொன்னாள்.

"தூசிதானேம்மா?"

மாபுலெங் தலையசைக்கப் போனாள். மேலாளர் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நல்லது. வலியில துடிக்கிற நோயாளிங்களுக்குத்தான் இதை வளர்க்கிறோம். கண்டபடி குடிக்கிறவங்களுக்கு இங்க இடமில்ல."

மாபுலெங்கின் தலை அப்படியே நின்றது. முடிச்சு விழுந்த இரு கைகளையும் மேசைமேல் வைத்தாள்.

"நோயாளியா? எந்த ஊரு நோயாளி? இது என்ன கைன்னு கேளு அவர்கிட்ட. உங்க எண்ணெயில ஒரு சீசா எனக்கு வித்தா, நான் இலையைத் தொடவே மாட்டேன்."

"அது ஏற்றுமதிக்கு மட்டும்" என்றார் மேலாளர்.

"அப்போ கேட்டுக்கோ. தூசி இல்ல. வலிக்குக் குடிச்சேன். இன்னிக்கும் குடிப்பேன்."

லிகெலெலி அவள் காதருகே குனிந்தாள். "அக்கா, இதை நான் அவர்கிட்ட சொல்லமாட்டேன். வேலை போயிரும்."

"சொல்லுடி. ஒரு வார்த்தை விடாம சொல்லு."

சொன்னாள். வேலை போனது. பொய் சொன்ன அத்தனை பேரும் உள்ளே. உண்மை சொன்ன ஒருத்தி வெளியே. அவள் கத்தரித்த பூ யாரோ ஒருவரின் மூட்டுக்கு மருந்து. அதே செடியின் இலை அவள் மூட்டுக்கு என்றால் ஒழுங்கீனம். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று விழா மேடையில் யாரும் சொல்லவில்லை. நான் கேட்டேன், தேநீர் தந்து அனுப்பினார்கள்.

வெள்ளை மேலங்கியை அங்கேயே கழற்றித் தரச் சொன்னார்கள். சின்னச் சின்னப் பொத்தான்கள். லிகெலெலி கண்கலங்கி உதவிக்கு வந்தாள்.

"தள்ளிக்கோ" என்றாள் மாபுலெங். "நேத்து குடிச்சிருக்கேன்."

எல்லாப் பொத்தான்களையும் தானே கழற்றினாள்.