நாலாம் நம்பர் வண்டியும் ஒரு மெமோவும்

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். ஒரு நர்ஸ் ஊசி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, போட மாட்டேன் என்று நிற்பதைப் பார்த்தேன். டாக்டர் போனில் போடச் சொல்கிறார். நோயாளிக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. நர்ஸ் அசையவில்லை.

அவர் அப்படி நிற்க வேண்டி வந்தது யாரால்?

என்னால்தான். இந்த வாரம் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஹைதராபாத் பேகம்பேட்டில் ஒரு மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கணவர் மாதாப்பூரில் சாஃப்ட்வேர் எழுதுகிறார். நான் பேகம்பேட்டில் வண்டி தள்ளுகிறேன். நிஜமாகவே வண்டிதான். நான்கு சக்கரம், மேலே ஒரு ஸ்க்ரீன், கீபோர்டு, கீழே ஒரு பெட்டிக்குள் இரண்டு பேட்டரி. நர்ஸ்கள் அதைக் கட்டிலுக்குக் கட்டில் தள்ளிக்கொண்டு போவார்கள். யாருக்கு என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எந்த மருந்து ஆகவே ஆகாது... எல்லாம் அதில்தான். எங்களிடம் பன்னிரண்டு வண்டிகள் இருக்கின்றன. அவற்றை ஓட வைப்பது என் வேலை.

மூன்றாம் மாடி வார்டில் இருப்பது நாலாம் நம்பர் வண்டி. பொறுப்பு, சிஸ்டர் ரெஜினா. பெயரை மாற்றியிருக்கிறேன். தாத்தா காலத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்த குடும்பம். பிறந்ததும் படித்ததும் ரயில்வே காலனியில். தமிழ் நன்றாகப் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் அந்தத் தமிழில் ஹைதராபாத் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'ஏன்' என்பது 'கைக்கு' ஆகும். 'வேண்டாம்' என்பது 'நக்கோ' ஆகும். 'ஆமாம்' மட்டும் எப்போதுமே 'ஹவ்'தான்.

இரண்டு வாரத்தில் மூன்று முறை அவரிடமிருந்து புகார் வந்தது. சார்ஜ் முழுசாகக் காட்டுகிறது, ஆனால் தள்ளிக்கொண்டு போனால் முக்கால் மணி நேரத்தில் ஸ்க்ரீன் செத்துப்போகிறது என்று.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். ரெஜினாவுக்கு அன்று டூட்டி இல்லை. வண்டி சுவரோரமாக ப்ளக்கில் நின்றது. பச்சை விளக்கு. சார்ஜ் நூறு. ஆன் செய்தேன், வந்தது. ஆஃப் செய்தேன். ஹப்சிகுடாவில் வீட்டருகே மகளின் ஸ்கூல் பஸ் வந்துவிடும் நேரம் வேறு. நின்றபடியே ரிப்போர்ட்டில் இரண்டு வரி எழுதினேன். 'வண்டியில் பழுது இல்லை. ஷிஃப்ட் முடிந்ததும் முறையாக சார்ஜ் போடப்படுவதில்லை.'

எங்கள் ஃபாரத்தில் 'பயன்படுத்துபவரின் தவறு' என்று ஒரு கட்டம் உண்டு. டிக் போட்டேன். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும் – அந்தக் கட்டத்துக்குப் பேனா தானாகவே போகும்.

செவ்வாய் காலை ரெஜினா நேரடியாக எனக்கே போன் செய்தார். ஒரே ஒரு தடவை வந்து தன்னோடு ரவுண்ட்ஸ் நடக்கச் சொன்னார். நீங்களே கண்ணால் பாருங்கள் என்றார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். சரி, ப்ளக்கை ஒழுங்காகச் சொருகுவது எப்படி என்று காட்டிவிட்டு வரலாம் என்று மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

நடக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. சனிக்கிழமையே அவருக்கு மெமோ வந்துவிட்டது. என் இரண்டு வரியை வைத்து நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் கொடுத்த மெமோ. உபகரணத்தைக் கவனிக்காமல் விட்டதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். ரெஜினா இன்னும் ப்ரொபேஷனில் இருக்கிறார். அடுத்த மாதம் நிரந்தரமாக்க வேண்டும். ஃபைலில் மெமோ இருந்தால் நிரந்தரமாக்க மாட்டார்கள். இதையெல்லாம் அவர் புகார் மாதிரி சொல்லவில்லை. கட்டிலுக்குக் கட்டில் மருந்து கொடுத்துக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார்.

எனக்கு அப்போதும் என் ரிப்போர்ட் சரிதான் என்று நினைப்பு. ஆனால் ஒரு காகிதம் இவ்வளவு தூரம் நடக்கும் என்று எழுதும்போது தெரியவில்லை.

ஏழாவது கட்டிலில் ஒரு பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நல்கொண்டா பக்கத்துக் கிராமம். இரண்டு நாள் முன்பு வயிற்றில் ஆபரேஷன். காலையிலிருந்து ஜுரம். நாங்கள் போய்ச் சேரும்போது கூப்பிட்டால் முனகுகிறாள், பதில் இல்லை. ரெஜினா அழுத்தம் பார்த்தார். முகம் மாறியது. உடனே டாக்டருக்குப் போன்.

டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். கேட்டுவிட்டு ஒரு ஆன்டிபயாட்டிக் பெயரைச் சொல்லி, உடனே போடுங்கள், நான் வருகிறேன் என்றார். மருந்து வார்டிலேயே இருந்தது. ரெஜினா ஊசியில் ஏற்றினார். ஏற்றிவிட்டு வண்டியின் பக்கம் திரும்பி, அந்தப் பெண்ணின் பெயரை அடித்தார். எந்த மருந்து ஆகாது என்று பார்த்த பிறகே ஊசி போட வேண்டும் என்பது விதி.

பெயர் வந்தது. வயது வந்தது. அடுத்த வரி வருவதற்குள் ஸ்க்ரீன் கறுத்துப்போனது.

அதற்கு ஒரு நொடி முன்னால் சார்ஜ் எவ்வளவு காட்டியது தெரியுமா? எழுபத்தொன்று. என் கண்ணால் பார்த்தேன்.

ப்ளக்கை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனேன். கட்டிலருகே இருந்த இரண்டு பாயின்ட்டிலும் மானிட்டரும் மருந்து பம்ப்பும். எதைப் பிடுங்குவது? எதிர்ச் சுவருக்கு இழுத்துப் போய்ச் சொருகினேன். விளக்கு வந்தது. ஆனால் கம்ப்யூட்டர் எழுந்து, ப்ரோக்ராம் திறந்து, உள்ளே போக ஐந்து நிமிஷமாவது ஆகும்.

ஒவ்வாமை இருக்கிறவர்கள் கையில் சிவப்புப் பட்டை கட்டுவோம். ரெஜினா போர்வையை விலக்கிப் பார்த்தார். பட்டை கட்டுகிற கையில் புது ட்ரிப் ஊசியும் பிளாஸ்திரியும்தான் இருந்தன. பட்டை இருந்ததா, ட்ரிப் மாற்றும்போது வெட்டிவிட்டார்களா... யாருக்குத் தெரியும்? புருஷன் கீழே மருந்துக் கடைக்குப் போயிருந்தார். பேப்பர் ஃபைல்களை இரண்டு மாதம் முன்புதான் அந்த வார்டிலிருந்து எடுத்தோம். இனி எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று கைதட்டிக் கேக் வெட்டினோம். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

மறுபடி டாக்டர் போன். போட்டாயிற்றா என்று கேட்டார். ரெஜினா நிலைமையைச் சொன்னார். இவ்வளவு அழுத்தம் இறங்கும்போது என்ன தாமதம் என்று அவர் குரல் உயர்ந்தது எனக்கே கேட்டது.

"சூடகுண்டா இவ்வனு சார்" என்றார் ரெஜினா. பார்க்காமல் கொடுக்க மாட்டேன். அவ்வளவுதான் சொன்னார். குரல் உயரவில்லை.

பிறகு என்னிடம் திரும்பினார். "மேடம், ஸ்டேஷன்ல டெஸ்க்டாப் இருக்கு. ஓடுங்க."

ஓடினேன். வார்டின் கோடியில் நர்ஸ்கள் உட்காரும் மேஜை. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. என் பாஸ்வேர்டைப் போட்டேன். உள்ளே போனது. நோயாளி விவரம் மட்டும் திறக்கவில்லை. கம்ப்யூட்டர் பிரிவுக்காரர்கள் நோயாளிகளின் விவரத்தைப் பார்க்கக்கூடாது என்று பூட்டு போட்டிருக்கிறது. பூட்டு போட்டது யார்? நான்தான். இன்றைக்கும் அது சரியான பூட்டு என்றே சொல்வேன். ஆனால் அந்த நிமிஷம் என் கையாலேயே என் கதவை மூடிக்கொண்டு வெளியே நின்றேன்.

பக்கத்துத் தடுப்பில் இன்னொரு நர்ஸ் ஒருவருக்குப் புண் கட்டிக்கொண்டிருந்தார். பத்மா. கூப்பிட்டேன். எப்படிக் கூப்பிட்டேனோ, அவர் ஒன்றும் கேட்காமல் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். பாஸ்வேர்டு அடித்தார். தப்பு. மறுபடி அடித்தார். திறந்தது. பெயரை அடித்தார்.

சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு வரி. பென்சிலின் வகை மருந்துகள் ஆகாது. முன்பு ஒருமுறை கொடுத்ததில் மூச்சே நின்றுபோயிருக்கிறது.

டாக்டர் சொன்ன மருந்து அந்த வகைதான்.

பத்மா வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குரல் கொடுத்தார். ரெஜினா ஊசியை ட்ரேயில் வைத்தார். போனில் டாக்டரிடம் சொன்னார். உடனே வேறு மருந்தின் பெயர் வந்தது. அதைப் போட்டார்கள். டாக்டர் தியேட்டர் உடையிலேயே ஓடி வந்தார். மதியத்துக்குள் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. மாலையில் அந்தப் பெண் கண் திறந்து புருஷனிடம் தண்ணீர் கேட்டாளாம்.

நான் நாலாம் நம்பர் வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் ரூமுக்கு வந்தேன். கீழ்ப்பெட்டியைத் திறந்தேன்.

இரண்டு பேட்டரி. மீட்டர் வைத்தால் இரண்டுமே நன்றாகத்தான் காட்டின. ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒரு பெரிய பல்பில் மாட்டிவிட்டு மறுபடி பார்த்தேன். ஒன்று அசையாமல் நின்றது. இன்னொன்று பத்தே நிமிஷத்தில் சரிந்தது. சும்மா இருக்கும்போது நூறு காட்டும், வேலை கொடுத்தால் படுத்துவிடும். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்திருப்பதால் ஒன்று படுத்தால் வண்டியே படுத்த மாதிரிதான்.

நல்ல பேட்டரியின் மேல் ஒரு ஸ்டிக்கர். 'ஜனவரியில் மாற்றியது.' என் கையெழுத்து.

ஞாபகம் வந்துவிட்டது. ஜனவரியில் இந்த வண்டியில் ஒரு பேட்டரி உப்பியிருந்தது. ஸ்டோரில் புதிது ஒன்றுதான் இருந்தது. மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், பழசையும் புதுசையும் சேர்க்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா? புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே வகுப்பெடுக்கிறேன். அன்றைக்கு, 'இன்னொன்று நன்றாகத்தானே இருக்கிறது' என்று தோன்றியது. மூடி திருகிவிட்டேன்.

ஆக, சார்ஜ் போடாதவர் யாருமில்லை. பேட்டரியை ஒழுங்காக மாற்றாதவள் நான். பழியை ரெஜினாவின் பெயரில் எழுதியவளும் நான்.

நாலு மணிக்கு ரெஜினாவையும் என்னையும் சூப்பரின்டெண்டென்ட் ரூமுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் போகும் முன்பே எங்கள் மேனேஜர் எனக்குப் போன் செய்தார். என்னவாம் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பேட்டரி திடீரென்று பழுதாகிவிட்டது என்று எழுதிக்கொடுங்கள் போதும், ஜனவரியை எதற்கு இழுக்கிறீர்கள் என்றார். பொய்கூட இல்லையே, பேட்டரி பழுதுதானே என்று எனக்கும் தோன்றியது.

பத்து நிமிஷம் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஸ்டிக்கரை ஓரத்தில் நகத்தால் கிளப்பிக்கூடப் பார்த்தேன். பெருமையாக இதைச் சொல்லவில்லை. திடீர்ப் பழுது என்றால், வெள்ளிக்கிழமை வண்டி நன்றாக இருந்ததாகத்தானே அர்த்தம்? அப்படியானால் என் ரிப்போர்ட்டும் சரி. ரிப்போர்ட் சரியென்றால் மெமோவும் சரி. ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டிவிட்டு, பேட்டரியையே கையில் தூக்கிக்கொண்டு போனேன்.

ரெஜினா அங்கே நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை போலிருக்கிறது. சூப்பரின்டெண்டென்ட் அம்மா அவரிடம் தெலுங்கில் கேட்டுக்கொண்டிருந்தார். மெமோ கொடுத்து மூன்றே நாளில் மறுபடி வண்டி அணைந்திருக்கிறதே, ராத்திரி சார்ஜ் போட்டாயா இல்லையா என்று. போட்டேன் என்றார் ரெஜினா. அந்த ஒரு பதிலைத்தான் அவர் சனிக்கிழமையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் பேட்டரியை மேஜைமேல் வைத்தேன். ஜனவரியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். என் தெலுங்கு ஒன்றும் பிரமாதமில்லை. தப்பை ஒத்துக்கொள்ள அவ்வளவு தெலுங்கு தேவைப்படவும் இல்லை.

அந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் எழுதும் முன் வண்டியை எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்த்தாய்?

ஓட்டிப் பார்க்கவில்லை என்றேன்.

ஃபைலைத் திறந்து மெமோவை எடுத்தார். குறுக்கே 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காரணத்தை எழுதி என்னையும் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். மறுநாள் எனக்கு ஒரு மெமோ வந்தது. இருபது வருஷ உத்தியோகத்தில் முதல் மெமோ. மேனேஜர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அன்று வெளியே வந்ததும் காரிடரில் ரெஜினாவை நிறுத்தி மன்னிப்புக் கேட்டேன். சனிக்கிழமையிலிருந்து வீட்டில் அப்பாவிடம்கூடச் சொல்லாமல் தனக்குள்ளேயே வைத்திருந்தாராம். பிறகு கேட்டார்.

"எழுதறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கைக்கு கேக்கல மேடம்?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றா சொல்வது?

புதன், வியாழன் இரண்டு நாளும் பன்னிரண்டு வண்டிகளையும் பல்ப் மாட்டிச் சோதித்தேன். இன்னும் இரண்டில் இதே மாதிரி பழசும் புதுசுமாக ஜோடி. அவற்றையும் நான்தான் மாட்டியிருந்தேன். எல்லாம் மாற்றியாகிவிட்டது. ஃபாரத்திலும் ஒரு மாற்றம் செய்தேன். 'பயன்படுத்துபவரின் தவறு' என்ற கட்டத்துக்கு மேலே புதிதாக ஒரு வரி: 'அவரிடம் பேசினீர்களா? அவர் என்ன சொன்னார்?' அதை நிரப்பாமல் கீழே டிக் போட முடியாது.

ஏழாம் கட்டில் பெண் நேற்று ஊருக்குப் போனாள். நடந்தே லிஃப்ட் வரைக்கும் போனாள்.

இந்தப் பத்தியை எழுதியதும் ரெஜினாவிடம் போனேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. படித்தது முழுக்கத் தெலுங்கிலும் இங்கிலீஷிலும். அதனால் டீ இடைவேளையில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவர் எங்கேயும் என்னை நிறுத்தவில்லை, சிரிக்கவுமில்லை. முடிந்ததும் கேட்டார்.

"என் பேர மாத்திட்டீங்க, சரி. உங்க பேரு?"

"அது மேலேயே போட்டிருக்கும் சிஸ்டர். போட்டோவோட."

"ஹவ்... அப்ப சரி. போடுங்க" என்றார்.