அழகையாவுக்கு வந்த அழைப்பு

இருபத்தெட்டு வயதுக்குள் ராஜப்ரியா ஐந்து தேர்தல்களில் வேலை செய்துவிட்டாள். தன் ஓட்டைப் போட்டது ஒன்றில்தான். மற்ற நேரமெல்லாம் யாருக்காவது ஓட்டுக் கேட்டுக்கொண்டு வேறு ஏதாவது ஊரில் இருந்தாள்.

வளர்ந்தது குன்னூரை அடுத்த அருவங்காட்டில், வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில். அப்பா முத்துவேல் ஓய்வு பெற்ற பிறகு பக்கத்திலேயே வாடகை வீடு. மகள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல டிசைன் பண்றாளுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அரசியல் என்று சொன்னால் மேலும் நாலு கேள்வி வரும்.

கோவையில் காட்சித் தொடர்பியல் படித்துவிட்டு, கீர்த்திவாசன் என்பவர் நடத்திய சிறிய பிரச்சார நிறுவனத்தில் சேர்ந்தாள். முதல் தேர்தலில் கட்சிக்காரர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். "போன்ல படம் போட்டா ஓட்டு உழுகுமா கண்ணு?" அவள் போனோடு ஓர் எஸ்டேட்டுக்குப் போனாள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரத்தை மூச்சுவிடாமல் சொல்வதை அரை நிமிடப் படமாக எடுத்துப் போட்டாள். அது கோத்தகிரியிலிருந்து கூடலூர் வரை போன் போனாகச் சுற்றியது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஐந்தாவது தேர்தல் வந்தபோது அந்தத் துள்ளல் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. எதைப் புதிதாகச் செய்தாலும் இரண்டாம் நாள் எதிர்க்கட்சிக்காரர்களும் அதையே செய்தார்கள். கழுத்து வலிக்குப் பட்டை போட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். அந்தச் சலிப்பில்தான் குரல் அழைப்பு யோசனை வந்தது.

வேட்பாளர் அரைமணி நேரம் பேசியதைப் பதிவு செய்துகொண்டால் போதும். அவர் குரலிலேயே மெஷின் எந்தப் பெயரையும் சொல்லும். வாக்காளர் பட்டியலையும் கட்சிக்காரர்கள் திரட்டிய போன் எண்களையும் அவள் இணைத்தாள். அறுபது வயதுக்கு மேல் என்றால் அய்யா, அம்மா. கீழே என்றால் அண்ணா, அக்கா. முதல் ஓட்டுக்காரர்களுக்குத் தம்பி, தங்கச்சி. கடைசியில் ஒரு மணிச் சத்தம். விருப்பமிருந்தால் பதில் பேசலாம்.

மலை முழுக்க அழைப்புகள் போயின. பதில்களைக் கேட்பதும் அவள் வேலைதான். தண்ணீர் வரவில்லை, ரேஷன் கடை திறப்பதில்லை, காட்டுமாடு கேரட்டைத் தின்றுவிட்டது. கேட்டுக் கேட்டு எல்லாக் குரலும் ஒன்றுபோலவே ஆகிவிட்டிருந்தது. பிரச்சாரம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது ஒரு வயதான பெண்ணின் குரல் வந்தது.

"ஹலோ... யாருங்க? அவரு இல்லீங்க. அவரு செத்து மூணு வருசமாச்சு. மறுக்கா ஒருவாட்டி பேசச் சொல்றீங்களா?"

ராஜப்ரியா பட்டியலைப் பார்த்தாள். அழகையா, வயது எழுபத்தொன்று, தேவாலா. அவள் உடனே கீர்த்திவாசனிடம் சொன்னாள்.

"செத்தவருக்குப் போன் போட்டோம்னு யாராச்சும் கெளப்பி உட்டா அசிங்கம், ப்ரியா. நேர்ல போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்துருங்க" என்றார் அவர்.

ஊட்டியிலிருந்து பைக்காரா வழியாகக் கூடலூர், அங்கிருந்து இன்னொரு பேருந்து. வழியெல்லாம் தூங்கினாள். தேவாலாவில் கோடைமழை தூறிக்கொண்டிருந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லைனில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். அழகையாவின் மனைவி அங்கம்மா வாசலில் விறகை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவள்.

"போன்ல அவரு பேரச் சொன்னது எங்க ஆபீஸ்தாங்கம்மா. தப்பாயிருச்சு. மன்னிச்சுக்குங்க" என்றாள் ராஜப்ரியா.

"தப்பு என்னா புள்ள? உள்ள வா, நனையாத." அங்கம்மா ஒரு பலகையை இழுத்துப் போட்டாள். "அது இன்னொருக்கா கேக்குமா?"

ராஜப்ரியா தன் போனில் தேடி எடுத்துப் போட்டாள். வணக்கம் அழகையா அய்யா. நல்லா இருக்கீங்களா. உங்க தேவாலாவுக்கு நான் என்ன செய்யணும்னு நீங்கதான் சொல்லணும்.

அங்கம்மா மூன்று முறை கேட்டாள்.

"நாப்பது வருசம் தேயிலைக்கு மருந்தடிச்சாரு, செடியக் கவ்வாத்து வெட்டுனாரு. தொரையும் சரி, ஆபீஸ்காரங்களும் சரி, டேய் அழகான்னுதான். அய்யான்னு ஒருத்தரும் கூப்பிட்டதில்ல." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "இந்த வேட்பாளரு இவர எங்க பாத்தாராம்? எங்கிட்ட அவரு சொல்லவே இல்லியே."

பார்த்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுந்து போய்விடலாம். வீடு வீடாக இதுபோன்ற வார்த்தைகளை அனுப்புவதற்குத்தான் ராஜப்ரியாவுக்குச் சம்பளம்.

"பாக்கலீங்கம்மா. அவரு இந்தப் பேரச் சொல்லவே இல்ல. மெஷின் பேசுது. எல்லாருக்கும் இப்படித்தான் போகுது."

அங்கம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அய்யான்னு யாரு போட்டது?"

"நாந்தானுங்க."

"நீயா?" அவளை ஏற இறங்கப் பார்த்து, "நல்லாத்தான் போட்டுருக்க" என்றாள். குரலில் கோபம் இருந்ததா இல்லையா என்று ராஜப்ரியாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அங்கம்மா எழுந்து தேயிலைச் சாயத்தண்ணி போடப் போனாள்.

குடித்து முடித்ததும் அந்தப் பதிவைத் தன் போனில் ஏற்றித் தரச் சொன்னாள். பட்டன் போன். ராஜப்ரியா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஏற்ற வழியில்லை.

"இதுல ஏறாதுங்கம்மா."

"போகட்டும் விடு. பஸ்ஸு போயிரும், கெளம்பு."

மறுநாள் அவள் கீர்த்திவாசனிடம் பட்டியலைச் சரிபார்க்கும்வரை அழைப்புகளை நிறுத்தச் சொன்னாள். "நாலு நாள்ல எங்க நிறுத்தறது? செத்தவங்களுக்கு ஓட்டா இருக்குது?" என்றார். நிறுத்தவில்லை. ராஜப்ரியா தன் மற்ற வேலைகளுக்கு நடுவே ஒவ்வொரு வாக்குச்சாவடிக் கட்சிக்காரருக்கும் போன் போட்டு, இறந்தவர்கள் யார் யார் என்று கேட்டுக் கேட்டு நீக்கினாள். பாதிப் பேர் எடுத்தார்கள். எடுத்தவர்களும் "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்" என்று அலுத்துக்கொண்டார்கள். முந்நூற்றுச் சொச்சம் பெயர்கள் போயின. இன்னும் எத்தனை மிச்சம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வேட்பாளர் ஜெயித்தார். ஊட்டியில் நடந்த நன்றிக் கூட்டத்தில், "மலையில இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் பண்ணிப் பேசினேன்" என்றார். அவர் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. தானே பேசியதாக நம்பியிருந்தார். மேடைக்குக் கீழே நின்று அதையும் ராஜப்ரியா படம் பிடித்தாள். அன்று மாலைக்குள் அது இரண்டு லட்சம் பேரை எட்டியது.

பதில் பேசும் எண்ணை அந்த வாரமே அணைத்துவிட்டார்கள். அதற்குள் வந்திருந்த தண்ணீர், ரேஷன் புகார்களை ஊர்வாரியாகப் பிரித்து அச்செடுத்து, நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் கொடுத்தாள். வாங்கியவர் அதை ஓர் அலமாரியின் மேல் வைத்தார்.

ஒரு மாதம் வீட்டில் இருந்தாள். பெரும்பாலும் தூங்கினாள். முத்துவேல் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் எழுப்புவார். ஒருநாள் கீர்த்திவாசன் கூப்பிட்டார். வேறு மாநிலத்தில் உள்ளாட்சித் தேர்தலாம்.

"பட்டியல வீடு வீடாப் போயி சரிபாத்துட்டுத்தான் அழைப்பு போகணும் சார். அப்படின்னா வர்றேன்."

"பாக்கலாம் ப்ரியா."

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். வேறு வேலை தேடிப் பார்த்தாள். குன்னூரில் ஒரு தேயிலைக் கடை விளம்பர அட்டை செய்யக் கேட்டது, அது ஒரு வார வேலை. அடுத்த திங்கட்கிழமை, கீர்த்திவாசன் சொன்ன தேர்தலுக்கே, பையை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் பேருந்தில் ஏறினாள்.

"மறுபடியும் அந்த டிசைன் வேலைதானே?" என்று முத்துவேல் சன்னலோரம் நின்று கேட்டார்.

"ஆமாங்கப்பா."

பேருந்து கிளம்பியது. பர்லியாறு வருவதற்குள் தூங்கிவிட்டாள்.