விசில் போட்டால் பி.டி. சார்

எங்கள் பள்ளியில் கணக்கு சாருக்கும் பி.டி. சாருக்கும் ஆகாது. இதில் என்ன அதிசயம், எல்லாப் பள்ளியிலும் அப்படித்தானே என்பீர்கள். எங்கள் பள்ளியில் இரண்டு பேரும் ஒரே ஆள்.

பெரம்பலூர் பக்கத்து அரசுப் பள்ளி அது. பி.டி. வாத்தியார் மாறுதலில் போன பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. "ஆள் வர்ற வரைக்கும் பாத்துக்குங்க சார்" என்று தலைமையாசிரியர் கணக்கு சாரின் கையில் ஒரு விசிலைக் கொடுத்தார். ஆள் வரவே இல்லை. சாரும் ஓய்வு பெறுகிற வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு வேலையை ஒருவர் பார்ப்பது ஊரில் நடக்காததல்ல. ஆனால் எங்கள் சார் இரண்டையும் ஒட்டவே விடமாட்டார். கழுத்தில் விசில் கிடந்தால் பி.டி. சார். கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டால் கணக்கு சார். கணக்கு சாருக்குச் சிரிக்கத் தெரியாது. பி.டி. சாருக்குக் கூட்டல்கூட வராது. கபடியில் பாயிண்ட் எவ்வளவு என்று எங்களைத்தான் கேட்பார். "எனக்கு எதுக்கும்மா கணக்கு? அதுக்குத்தான் ஒருத்தர் இருக்காரே" என்பார்.

பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்வது நம் பள்ளிகளில் எழுதாத சட்டம். எங்கள் சார் அதையும் முறைப்படி செய்வார். வகுப்புக்குள் வந்து, "உங்க பி.டி. சார்கிட்ட கேட்டுட்டேன், பீரியடைக் குடுத்துட்டாரு. நோட்டை எடுங்க" என்பார். மறுநாள் மைதானத்தில் விசிலோடு வந்தவரிடம் புகார் சொல்வோம். "அந்த ஆளு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலம்மா" என்று அவரும் எங்களோடு சேர்ந்து பொருமுவார். நமக்காகப் பேச ஒருவர் இருக்கிறாரே என்று எங்களுக்கு மனது நிறைந்துவிடும்.

நான் அவருடைய கபடி அணியில் ரெய்டு போகிறவள். கணக்கில் மக்கு. எங்கள் வீட்டில் சின்ன வெங்காயம் போட்டிருந்தோம். பக்கத்து வீட்டில் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. பொம்பளைப் பிள்ளை அரைக்கால் டவுசரோடு மண்ணில் உருளுவதா என்பது அவருடைய தீராத வயிற்றெரிச்சல். ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்பு உள்ள ஒரு மாப்பிள்ளையை அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்துக் காலாண்டுத் தேர்வில் நான் கணக்கில் பெயில். "நாளைக்கே போயி அந்தப் பி.டி. வாத்தியாரை ஒரு வழி பண்ணிட்டு வரேன். கபடியும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று அப்பா பெரியப்பா வீட்டுக்கும் கேட்கும்படி கத்தினார். கபடி போனால் எனக்குப் பள்ளியும் போய்விடும். அப்புறம் முந்திரித் தோப்புதான்.

மறுநாள் காலை அப்பாவின் மொபெட் பள்ளிக்குள் வந்தது. சார் வகுப்பில் இருந்து வெளியே வந்தார். விசில் பையில் இருந்தது. நான் ஜன்னலோரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பி.டி. வாத்தியாரு எங்கங்க?"

"அவரு கிரவுண்டுல இருப்பாரு. நான் கணக்கு. சொல்லுங்க."

அப்பா கொட்டித் தீர்த்தார். கணக்கு சார் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "நியாயமான பேச்சுங்க. நானும் அந்த ஆளுகிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. இருங்க, கூப்பிடுறேன்" என்று கட்டடத்துக்குப் பின்னால் போனார். அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு தொப்பியும் விசிலுமாக ஓடி வந்தார்.

அப்பா அவரைப் பிடிபிடியென்று பிடித்தார். பி.டி. சாருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "அந்தக் கணக்கு வாத்தியாரு ஒழுங்கா சொல்லிக் குடுத்தா உங்க பொண்ணு ஏங்க பெயிலாவுது?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அதுவும் நியாயந்தான். அவரை வரச் சொல்லுங்க."

சார் மறுபடி சுற்றினார். குற்றச்சாட்டு இந்தப் பக்கம் போவதும் மறுப்பு அந்தப் பக்கம் வருவதுமாக ரொம்ப நேரம் நடந்தது. பெருக்கிக்கொண்டிருந்த ஆயா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். கடைசியாக வந்தபோது கணக்கு சார் தொப்பலாக நனைந்திருந்தார். "நெழல்ல நிக்கிறீங்க, ஏன் சார் இப்படி வேர்க்குது?" என்று அப்பா தன் துண்டை எடுத்து நீட்டினார்.

முடிவில் ஒப்பந்தம் ஆனது. சாயங்காலம் கபடி முடிந்ததும் பி.டி. சார் என்னை விட்டுவிட வேண்டும்; கணக்கு சார் பாடம் நடத்துவார். அரையாண்டில் பாஸானால் தை மாதம் அரியலூர் போட்டிக்குப் போகலாம். இல்லையென்றால் இல்லை.

அன்று மாலை அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். "அந்தப் பி.டி. வாத்தியாரை உண்டு இல்லேன்னு பண்ணிட்டேன். ஆனா கணக்கு சாரு கையப் புடிச்சுக் கேட்டுக்கிட்டாரு. படிச்ச மனுஷன், எப்படி மறுக்கிறது?" பி.டி. வாத்தியாரைக் கிழிக்கக் காத்திருந்த பெரியப்பாவுக்குக் கணக்கு வாத்தியாரை என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பிறகு தினமும் பொழுது சாய்ந்ததும் பி.டி. சார், "ஓடு, அந்த ஆளு காத்துக்கிட்டு இருப்பாரு" என்று விரட்டுவார். நான் கைகால் கழுவிவிட்டு வகுப்புக்குப் போனால் உள்ளே கணக்கு சார். "ஏன் லேட்டு? அவரு விடலையா?" என்பார். அவர் சட்டையெல்லாம் மைதானத்து மண்ணாக இருக்கும். நான் பாஸானேன், மயிரிழையில். அரியலூருக்குப் போனோம். சிமெண்ட் லாரித் தூசியில் குளித்துப் போய்த் தோற்றுவிட்டு வந்தோம். ஆனாலும் விடாமல் ஆடினேன். இன்று அரியலூர் மாவட்டத்தில் காக்கிச் சட்டை போட்டிருக்கிறேன் என்றால் அது விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்த வேலை.

போன வருடம் சார் ஓய்வு பெற்றார். பழைய மாணவர்கள் பெரம்பலூரில் மண்டபம் பிடித்து விழா எடுத்தோம். வாசலில் ஃபிளெக்ஸ், அதில் சாருடைய படமே இரண்டு. சால்வைகளையும் ஜோடி ஜோடியாகத்தான் வாங்கினோம். ஜே.சி.பி. வைத்திருக்கும் ஒருவன் மைக்கைப் பிடித்து, கணக்கு சார் அடித்த அடிக்குப் பி.டி. சார் வந்து தைலம் தேய்த்துவிட்டதைச் சொன்னான். பூலாம்பாடிக்காரி ஒருத்தி, பி.டி. சார் ஷூ வாங்கிக் கொடுத்து, "கணக்கு சாருக்குத் தெரிய வேணாம், கஞ்சன்" என்றதைச் சொல்லி அழுதாள். மேடையில் சார் அசையாமல் உட்கார்ந்திருந்தார், யாரையோ பற்றிப் பேசுவதுபோல.

அப்பாவும் வந்திருந்தார். மேடையேறி சாருக்கு ஒரு சால்வையைப் போர்த்தினார். மடியிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். "இது அந்தப் பி.டி. வாத்தியாருக்கு. அன்னைக்கு ரொம்பப் பேசிட்டேன், மனசுல வச்சுக்க வேணாம்னு சொல்லுங்க."

"சொல்றேங்க" என்றார் சார். அந்தச் சால்வையைப் போர்த்திக்கொள்ளாமல் தனியாக எடுத்து வைத்தார்.

அப்பாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். இவ்வளவு வயதாகியும் ஏமாந்துகொண்டிருக்கிறாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

"அப்பா, அவங்க ரெண்டு பேரு இல்ல. ஒரே ஆளுதான்."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"அன்னைக்கேதான். மீசையைக் கூடவா மாத்திக்கிட்டு வந்தாரு?"

"அப்பறம் எதுக்கு அவரை அந்த ஓட்டம் ஓட விட்ட?"

கொஞ்ச தூரம் போனதும் அப்பா என் முதுகுக்குப் பின்னால் மெதுவாகப் பேசினார். "எம்பொண்ணு விளையாடட்டும், எனக்கு ஆசையா இருக்குன்னு உங்க பெரியப்பன்கிட்ட சொல்ல முடியுமா? திட்டுறதுக்கு ஒரு ஆளு வேணும், கையப் புடிச்சுக் கேட்டுக்கிறதுக்கு ஒரு ஆளு வேணும். ரெண்டும் அவரே தரேன்னாரு." பிறகு, "உன்ன நிறுத்தணும்னா வூட்லயே நிறுத்தியிருப்பேனே. பெட்ரோலைப் போட்டுக்கிட்டு அவ்வளவு தூரம் எதுக்கு வரேன்?" என்றார்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன்.

"நடுவழியில எதுக்கு நிறுத்துற? மழை வருது, போ" என்றார் அப்பா.