ஒன்பது கம்பிகளுக்கு வழி கண்ட ஃபரீதா மேடம்

கோரிமேட்டில் வேனுக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் ஆபீஸ் எஞ்சினியர் சிவகுமார் போன் செய்தார். "ஃபரீதா மேடம் போய்ட்டாங்கண்ணா" என்றார். டீசல் டேங்குக்கு மூடி போட்டேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

மேடத்தை அறிந்தவர்களே, அவரைப் போல ஒரு மூளை அமெரிக்காவிலும் கிடையாது. எட்டு வருஷம் முத்தியால்பேட்டையிலிருந்து சேதராப்பட்டு ஆபீசுக்கு அவரை வேனில் அழைத்துப்போனவன் சொல்கிறேன். நகத்தளவு கம்ப்யூட்டர் சிப்பிலிருந்து நூற்றுக்கணக்கான கம்பிகள் கிளம்பும். ஒன்றையொன்று தொடாமல், சிப் உட்காரும் தட்டின் அடியிலுள்ள ஈயக் குமிழ்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பாதை போடும் ப்ரோக்ராம் எழுதியவர் மேடம்.

ஒருமுறை கடைசி ஒன்பது கம்பிகளுக்கு வழியே இல்லை. தட்டில் இன்னோர் அடுக்கு சேர்த்தால் செலவு கூடும்; வாங்குகிற ஜப்பான்காரன் வேண்டாம் என்பான். வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் மேடத்தின் குழுவையே கலைத்துவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை காலை, முத்தியால்பேட்டைச் சந்தில் எதிரே ஒரு டெம்போ வந்து நின்றது.

"நான்தான் மொதல்ல வந்தேன். பின்னால எடுய்யா" என்றேன்.

"எங்க எடுக்கறது? ராத்திரி வண்டிய விட்டுட்டுக் காலைல பாத்தா பின்னால பள்ளம் தோண்டி வெச்சிருக்கான். எறங்கி வந்து பாரு."

பார்த்தேன். யானை விழுகிற பள்ளம். நானே ரிவர்ஸ் எடுத்தேன்.

"நீங்கதான மொதல்ல வந்தீங்க?" என்றார் மேடம், குறும்பாக.

"வந்து என்னா மேடம்? சுத்திப் போக வழி இருக்கறவன்தான் ஒதுங்கணும். அவனுக்கு வேற வழி இல்லியே."

"இன்னொரு வாட்டி சொல்லுங்கண்ணா."

சொன்னேன். சேதராப்பட்டு வரைக்கும் நோட்டில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தார்.

அதுவரை ப்ரோக்ராம், முதலில் போட்ட கம்பியை அசைக்காதாம். மேடம் அதை மாற்றினார். வழி மறிக்கும் கம்பிக்கு வேறு பாதை உண்டா என்று பார்த்து, இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு, இல்லாததற்கு இடம் கொடுத்தார். வியாழன் மத்தியானம் வேன் ஷெட்டுக்கே வந்தார். "ஒன்னுகூட பாக்கியில்ல. எல்லாம் போய்ச் சேந்துடுச்சு பெருமாள்ணா." குழு பிழைத்தது. ஜப்பான்காரன் எழுந்து நின்று கும்பிட்டான் என்று கேள்வி.

அந்த யோசனை என்னுடையது என்று ஊரெல்லாம் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. "எங்க மாமா சிப்பு செஞ்ச கதை தெரியுமா?" என்று என் மச்சான் கல்யாண வீடுகளில் சிரிப்பு மூட்டுவான்.

துக்கத்துக்குப் போன இடத்தில் சிவகுமார் என்னைத் தனியே அழைத்தார். "அந்த ஒதுங்குற விதிக்கு ப்ரோக்ராம்ல பேரே பெருமாள்தாண்ணா. யாரும் மாத்தக் கூடாதுன்னு மேடம் பக்கத்துலயே எழுதி வெச்சிருக்காங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவர் சொன்னதே இல்லை.

மேடத்திடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தப் பெயர்தான். மற்றக் கதைகளுக்கு நான் கை, கால் வைப்பது உண்டு. இதை இனி உள்ளது உள்ளபடியே சொல்வேன்.