புதிய நாட்டின் பெயரைப் பொறித்தவன்

பரிசுக் கப்பிலும் தகட்டிலும் பெயர் பொறிக்கிற தொழிலில், வருகிறவர் சந்தோஷத்தோடு வருகிறாரா துக்கத்தோடு வருகிறாரா என்பது கதவைத் திறக்கும்போதே தெரிந்துவிடும். லண்டன் நோர்பரியில் எனக்கு அப்படி ஒரு கடை. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற யாருக்கும் இது புதிதாக இருக்காது.

முதல் தட்டு

ஆப்பிரிக்காவில் ஒரு நாடு புதிதாகச் சுதந்திரம் பெற்ற கிழமை. மேரி என்ற ஆஸ்பத்திரி நேர்ஸ் தம்பி டேவிட்டோடு வந்தார். லண்டனில் அவர்களின் ஆட்கள் நடத்தும் விழாவில் புதுத் தூதருக்குக் கொடுக்க ஒரு வெள்ளித் தட்டு. நாட்டின் பெயரை வெட்டி முடித்ததும் டேவிட் விரலால் தடவிப் பார்த்தான். மேரி அழுதார். பிறகு என் ஊரை விசாரித்தார். "இலங்கைத் தமிழன். நாங்களும் ஒரு நாடு கேட்டனாங்கள், கிடைக்கேல்லை" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்களுக்கும் கிடைக்காது எண்டுதான் பிரதர், எல்லாரும் சொன்னவை."

நிரந்தர நட்பு

அதே விழாவுக்காக வேறொரு நாட்டின் தூதரகத்திலிருந்து கோட் போட்ட ஒருவர் கண்ணாடிக் கிண்ணம் கொண்டுவந்தார். 'நிரந்தர நட்புடன்' என்பதைக் கிண்ணத்திலேயே வெட்ட வேண்டுமாம். புது நாட்டின் பெயர் மட்டும் தனித் தகட்டில். ஏன் என்று கேட்டேன். போனிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்:

"கழற்றுற மாதிரி ஒட்டுங்கோ. விழா நடக்காட்டி வேற நாட்டுக்குக் குடுக்கலாம்."

இரண்டு விழா

சில வருடங்களில் அங்கே உள்நாட்டுச் சண்டை. இங்கே அவர்களின் சங்கமும் உடைந்தது. சுதந்திர தினத்தை ஒரு பகுதி குரோய்டனிலும் மற்றப் பகுதி ஃபாரஸ்ட் கேட்டிலும் கொண்டாடியது. இரு பகுதியும் என்னிடம்தான் உதைபந்தாட்டக் கப் கேட்டு வந்தன. இரண்டிலும் பொறிக்கச் சொன்னது 'ஒற்றுமை'. எங்கள் ஊர்ச் சங்கங்களுக்குக் கப் செய்து பழகிய எனக்கு இது அதிசயமில்லை. ஆனாலும் இந்த இரு பகுதியாரும் முன்பு ஒரே காரில் என் கடைக்கு வந்தவர்கள். பிந்தி வந்தவர் அலுமாரியில் இருந்த மற்றக் கப்பைக் கண்டு முகம் கறுத்தார்.

"அவையின்ர கப்பை விட எங்கடது உயரமா இருக்க வேணும்."

பெயர் மட்டும்

டேவிட் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கவென்று அந்த நாட்டுக்கே திரும்பிப் போயிருந்தான். சண்டை அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயும் வந்தது. டேவிட்டின் உடல்கூடக் கிடைக்கவில்லை. சர்ச்சில் வைக்க ஒரு பித்தளைத் தகடு கேட்டு மேரி தனியாக வந்தார். அவன் பெயரை வெட்டிவிட்டு, கீழே நாட்டின் பெயரையும் போடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம், பிரதர். இந்த முறை சுட்டது எங்கட ஆக்கள்."

இப்போதும் யாராவது சுதந்திர தினக் கப் கேட்டு வந்தால் வாழ்த்துத்தான் சொல்கிறேன்; முன்பு போல உரத்த குரல் மட்டும் வருவதில்லை.